ஆறாம் வாரத்துக் குப்பி

சின்னவள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போன நாள் ஒரு வியாழக்கிழமை. காலையில் தூறல் போட்டுவிட்டு ஓய்ந்திருந்தது. வாசலில் நின்ற வேனில் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள், ஒரு மெத்தை, கால் கழற்றிய மேசை, குழந்தையின் தொட்டில் எல்லாம் ஏறியாகிவிட்டன. பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்பதைக் கட்டியவள் பெரியவள். முந்தின நாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கத்திரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, டேப்பைச் சரசரவென்று இழுத்து ஒட்டித் தள்ளினாள்.

"நீங்க இல்லாம நான் எப்படிக்கா சமாளிக்கப் போறேன்" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எல்லாம் பழகிடும்மா. அந்த நாற்காலி ஏறிடுச்சான்னு பாரு."

பாசம் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். அது அவசரம் என்று பெரியவளுக்கு மட்டும் தெரியும்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பெரியவள். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். இரண்டாம் மாடியில் நான்கு அறைகள், ஒரு குளியலறை, ஒரு ஃபிரிட்ஜ், மாமனார் ஒருவர். இதற்குள் இரண்டு வருடம் ஒன்றாக இருந்தார்கள். தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் பெரியவள் கடைக்கு ஓடிப்போய் கேக் வாங்கி வந்தாள். வீட்டில் எல்லோரும் அவளுடைய பெருந்தன்மையைப் பாராட்டிக்கொண்டே தின்றார்கள்.

சின்னவள் இடுப்பில் பதினோரு மாதப் பையன் உட்கார்ந்திருந்தான். தொடை இரண்டிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. வேன், டிரைவர், குடை, கறுப்பு நாய் என்று எதைப் பார்த்தாலும் சிரித்தான். பெரியவள் தோளில் அவளுடைய மகள். அவள் நான்கு நாள் இளையவள். நான்கு மாதம் இளையவள் போலத் தெரிந்தாள். வேனைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

ஏறப்போன சின்னவள் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

டிரைவர் ஹாரனை அழுத்தினான். சின்னவள் பையனை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்."

வேன் முனை திரும்பியதும் பெரியவள் மாடியேறி வந்து கதவைச் சாத்தினாள். மகளைத் தரையில் விட்டு அவளையே பார்த்தபடி உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு குழந்தை இல்லாமல் பார்த்தபோது அவள் ஒல்லியாகவும் இல்லை, சோனியாகவும் இல்லை. வெறும் குழந்தையாக இருந்தாள்.

*

பெரியவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். வார்டு வார்டாக வண்டியில் வந்து குவியும் போர்வைகளைப் பிரித்து, எது வெந்நீருக்கு, எது மருந்துத் தண்ணீருக்கு, எது நேரே குப்பைக்கு என்று சொல்வது அவள் பொறுப்பு. ரத்தமா, அயோடினா, கொட்டிய சூப்பா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் 'கறை டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு துணிமூட்டைக்கும் வார்டின் சீட்டு கட்டியிருக்கும். பதினேழு வருடத்தில் ஒரு சீட்டைக்கூட அவள் மாற்றிக் கட்டியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. கிருமி என்பது கொதிக்கவைத்துக் கொல்லப்பட வேண்டியது என்பதிலும் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத்தான் அவள் உண்டானாள். வீடே கொண்டாடியது. கொண்டாட்டம் ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள், கல்யாணமாகி ஐந்தே மாதமான சின்னவள் குமட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

"ரெண்டு டிக்கெட்டும் ஒரே ஸ்டாப்புல ஏறியிருக்கு" என்றார் மாமனார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

ஒன்பது வருடம் காத்து நின்றவளுக்கும் ஓடிவந்து தொற்றிக்கொண்டவளுக்கும் ஒரே சீட்டு என்பது பெரியவளுக்கு உறுத்தியது. வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? சிரித்தாள். சின்னவளுக்கு முதுகு தடவிவிட்டாள்.

பிரசவமும் அப்படியே ஆனது. ஒரு ஞாயிறு மத்தியானம் சின்னவள் வலி என்றாள். சாயங்காலம் டீ நேரத்துக்குள் பையன் வந்துவிட்டான். வியாழக்கிழமை அதிகாலையில் பெரியவளுக்கு வலி கண்டது. பதினேழு மணி நேரம் முக்கி முனகி, கடைசியில் குழந்தையின் நாடித்துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி, அவசர அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அடுத்த வாரம் பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாவிடம் சின்னவள் சொன்னது உள்ளறையில் படுத்திருந்த பெரியவள் காதில் விழுந்தது.

"என் பையன் வாசல் வழியா நடந்து வந்தான். அக்கா பொண்ணை ஜன்னல் வழியா இறக்குனாங்க."

எதிர்வீட்டு அம்மா சிரித்தாள். சின்னவளும் கள்ளமில்லாமல்தான் சிரித்தாள். பெரியவளுக்குத் தையல் போட்ட இடம் வலித்தது.

*

ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பு ஒரு நர்ஸ் அவளுடைய கட்டிலருகே வந்து உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு நீலப் பெட்டி. உள்ளே ஐஸ். பிற்பாடு மாமனார் அவளுக்கு வைத்த பெயர் 'ஐஸ்பெட்டி'.

"குழந்தை கீழ் வழியா பிறக்கும்போது அம்மா வயித்துல இருக்கற நல்ல கிருமி கொஞ்சம் அது வாய்க்குள்ள போகும். அதுதான் குடல்ல முதல்ல போய்க் குடியேறும்" என்றாள் ஐஸ்பெட்டி. "ஆபரேஷன்ல பிறந்தா அது சரியா போய்ச் சேராம இருக்கலாம். ஆஸ்பத்திரிக் காத்துல, துணியில இருக்கற மத்த கிருமி முந்திக்கும்."

"எங்க துணியில ஒண்ணும் இருக்காது" என்றாள் பெரியவள் படுத்தபடியே. "எண்பது டிகிரில வேக வைக்கிறோம்."

ஐஸ்பெட்டி சிரித்தாள். "நீங்கதான் அந்தக் கறை டாக்டரா? சரி. இது ஒரு ஆராய்ச்சி. தினம் ஒரு பொட்டலம், தாய்ப்பால்ல கரைச்சு ஸ்பூன்ல கொடுக்கணும். சில பெட்டியில நல்ல கிருமி இருக்கும். சில பெட்டியில வெறும் மாவு. உங்களுக்கு எது வந்திருக்குன்னு எனக்கே தெரியாது. நல்லது பண்ணுதான்னு பார்க்கத்தான் இதெல்லாம். முதல் வாரம், மூணாவது வாரம், ஆறாவது வாரம் வந்து குழந்தையோட மலத்தைக் குப்பியில வாங்கிட்டுப் போவேன். ஆறாவது வாரத்துதுதான் முக்கியம். குடியேறிச்சா இல்லையான்னு அதுல தெரிஞ்சுடும்."

பெரியவள் கையெழுத்துப் போட்டாள். வாழ்நாள் முழுக்கக் கிருமியைக் கொன்றவள் கிருமிக்காகக் கையெழுத்துப் போட்டதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சின்னவளின் பையனுக்குத் தானாகக் கிடைத்துவிட்ட ஒன்று தன் மகளுக்கு இல்லை என்று காதால் கேட்டபிறகு அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? பூமியில் எங்கே இருந்தாலும் அதை வாங்கி வந்து ஊட்டிவிட வேண்டும்.

பெட்டியில் இருபத்தெட்டுப் பொட்டலங்கள். ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில் வைத்தாள். கதவுக்கு வெளியே ஐஸ்பெட்டி கொடுத்த தாளை ஒட்டி, தினமும் காலையில் கொடுத்ததும் ஒரு டிக் போட்டாள்.

மாமனார் தன் பங்குக்கு, பார்சல் ஆபீஸ் நண்பரிடமிருந்து ஒரு தொங்கு தராசு வாங்கிவந்து கதவு நிலையில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு குழந்தைகளையும் துணித்தூளியில் போட்டு நிறுத்தார். வாரா வாரம் பையன்தான் முந்தினான். கண்டக்டர் அவனுக்கு 'லாரி' என்றும் பெண்ணுக்குச் 'சைக்கிள்' என்றும் பெயர் வைத்தார்.

"லாரி நாலு நூறு. சைக்கிள் மூணு நானூறு. சைக்கிள் ஓரமா போகவும்."

"சைக்கிள்தான் மாமா சந்துக்குள்ள போகும்" என்று சின்னவள் பரிந்து பேசினாள். அந்தப் பரிவு பெரியவளுக்கு இன்னும் எரிந்தது. ஜெயித்தவள்தானே பரிய முடியும்.

சைக்கிள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அழத் தொடங்கினால் ஏழரைக்குத்தான் நிறுத்துவாள். காலை வயிற்றோடு மடக்கி, முகம் செக்கச்சிவந்து, விட்டு விட்டு அழுவாள். லாரி பக்கத்து அறையில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்துச் சிரிப்பான். கொடியில் இரண்டு குழந்தைகளின் துணியும் காயும். கறை டாக்டருக்குத் துவைத்த பிறகும் மிஞ்சும் நிழல் தெரியும். அவனுடையது இளமஞ்சள். இவளுடையது பச்சையும் சாம்பலும். தெருவில் போகிறவர்களுக்கு இரண்டும் வெள்ளைத் துணி. அவளுக்கு அது ஊருக்கே தெரிகிற மாதிரி மாட்டி வைத்த மார்க் ஷீட்.

இருபத்தோராம் நாள் டிக் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். காற்றுப்போல இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

தாளில் இருபத்தொன்று. பெட்டியில் இருந்தது இருபத்தெட்டு. ஏழு எங்கே? தட்டுகளைக் கழற்றிப் பார்த்தாள். ஃபிரிட்ஜை நகர்த்தித் தரையைப் பார்த்தாள். குப்பையைக் கிளறினாள்.

"ஏம்மா, இந்தப் பெட்டியிலேருந்து ஏதாவது கீழ விழுந்துச்சா?"

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியலையேக்கா." கொஞ்சம் கழித்து, "தூக்கக் கலக்கத்துல ரெண்டு ரெண்டா கொடுத்துட்டீங்களோ என்னமோ."

இருக்கலாம். இருபத்தொரு நாளாக அவள் தூங்கியதே நாளுக்கு மூன்று மணி நேரம்தான். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். தேயிலை டப்பாவில் சோப்பைப் போட்டு வைத்தாள். பதினேழு வருடம் ஒரு சீட்டையும் மாற்றாத கை, பெற்ற பெண்ணின் மருந்தில் தடுமாறிவிட்டது என்று நம்ப அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஐஸ்பெட்டியிடம் சொன்னால்? ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இந்த வீட்டில் தன் மகளுக்கென்று யாராவது படியேறி வருகிறார்கள் என்றால் அது ஐஸ்பெட்டி ஒருத்திதான். பெரியவள் மீதி ஏழு நாளும் வெறும் பாலை ஸ்பூனில் கொடுத்தாள். தாளில் டிக் போட்டாள்.

*

ஆறாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு ஐஸ்பெட்டி வருவதாக இருந்தது.

ஒன்பது மணிக்குச் சைக்கிளின் துணியை அவிழ்த்தாள். பச்சை. நுரை நுரையாக, தண்ணீராக. குப்பியின் மூடியில் சின்னக் கரண்டி ஒன்று ஒட்டியிருக்கும். அதைத் திறந்து கையில் பிடித்தபடி நின்றாள். இது போய் சோதனைக் கூடத்தில் என்ன சொல்லும்? ஒன்றும் குடியேறவில்லை என்று சொல்லும். அம்மாக்காரி ஏழு பொட்டலத்தைக் கோட்டைவிட்டாள் என்று சொல்லும். வாசலை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வந்தவள்தான் இவள் என்று சொல்லும்.

"அக்கா, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. ஓடிப்போய்க் குளிச்சுட்டு வந்துடறேன்" என்று சின்னவள் லாரியைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லாரி அவளைப் பார்த்துச் சிரித்தான். முகம் சிவக்க ஒரு முக்கு முக்கினான். வேலை முடிந்தது.

அவிழ்த்துப் பார்த்தாள். புத்தகத்தில் படம் போடலாம். பளிச்சென்ற மஞ்சள், சின்னச் சின்ன மணிகள், நாற்றமே இல்லை. கறை டாக்டரின் பதினேழு வருட அனுபவத்தில் அப்படி ஒரு சுத்தமான மஞ்சளை அவள் பார்த்ததில்லை. "உனக்கு மட்டும் எப்படிடா" என்று அவனிடமே கேட்டாள். அவன் காலை ஆட்டினான்.

கரண்டியால் எடுத்தாள். குப்பியில் போட்டாள். மூடினாள். மேலே மகளின் எண் எழுதிய சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

பதினொன்றே காலுக்கு ஐஸ்பெட்டி குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நல்லா எடுத்திருக்கீங்க. சில பேர் அரைக் கரண்டிகூட எடுக்க மாட்டாங்க."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் மகளைப் பற்றி ஒருவர் இப்படிச் சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதில்லை. பெட்டியின் மூடி விழுந்து ஐஸ்பெட்டி படியிறங்கிய பிறகுதான் அது தன் மகளைப் பற்றியது இல்லை என்பது உறைத்தது. சைக்கிளின் பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு போய், வெந்நீர் ஊற்றி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கசக்கினாள்.

அன்றிலிருந்து லாரியின் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. முன்பு வெறும் எரிச்சல். இப்போது அவனிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது போல இருந்தது. பேசத் தெரியாத ஒரு சாட்சி வீட்டுக்குள் தவழ்ந்து திரிந்தது.

அதனால்தான் கேக். அதனால்தான் ஒன்பது பெட்டி.

*

அவர்கள் போய் ஒன்றரை வருடம் கழித்து ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. பெரியவளின் கணவர்தான் பிரித்தார். ஒரு குழாய்க் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் மனிதர். அதிகம் பேச மாட்டார். நின்றபடியே படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"கேளு. 'உங்கள் குழந்தைக்கு வழங்கப்பட்டது நற்கிருமி உள்ள பொட்டலம். ஆறாம் வார மாதிரியில் அதே கிருமி நன்கு குடியேறி நிறைந்திருப்பது கண்டறியப்பட்டது. பங்கேற்றதற்கு நன்றி.' நம்ம சைக்கிளுக்கு நல்ல பெட்டியே கிடைச்சிருக்கு."

"என்ன கிருமின்னு போட்டிருக்கு?"

"பொட்டலத்துல இருந்த அதே கிருமியாம். வேற எங்கேயும் கிடைக்காத வகையாம். எண்கூடப் போட்டிருக்கான்."

பெரியவள் கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். பொட்டலத்தில் இருந்தது. ஆனால் குப்பியில் போனது லாரியுடையது. அவளுடைய மகளுக்குக் கொடுத்த கிருமி அவன் வயிற்றில் போய் எப்படிக் குடியேறும்?

அன்று முழுக்க யோசித்து ஒரு விடை கண்டுபிடித்தாள். இரண்டு குழந்தைகளையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டியது அவள்தான். முதலில் சைக்கிள், அப்புறம் லாரி. இவளுக்குத் துடைத்த கை அவன் வாயைத் துடைத்திருக்கும். தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த எண்ணம் வந்ததும் எழுந்த முதல் உணர்ச்சி ஆச்சரியம் இல்லை, பயம் இல்லை. பழைய வயிற்றெரிச்சல்தான். தானாகக் கிடைத்ததெல்லாம் அவனுக்கு. இவளுக்கென்று வாங்கி வந்ததும் அவனுக்கே போயிருக்கிறது. நிறைந்திருக்கிறதாம்.

இவளுக்கு? அதைச் சொல்லியிருக்கக்கூடியது ஒரே ஒரு குப்பி. அதில்தான் அவள் கைவைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி எண்ணுக்கு ஒருமுறை போன் செய்தாள். முன்பின் தெரியாத குரல் ஒன்று "சொல்லுங்க" என்றது. "ஒண்ணுமில்ல, தப்பா போட்டுட்டேன்" என்று வைத்தாள்.

கணவர் கடிதத்தைப் படம் எடுத்துத் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சின்னவளிடமிருந்து ஒரு வரி வந்தது: 'ரொம்ப ரொம்ப சந்தோஷம்க்கா. இப்பதான் நிம்மதி.' உனக்கென்ன நிம்மதி என்று பெரியவள் முணுமுணுத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கடிதத்தை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் செருகினாள்.

மகள் வளர்ந்தாள். முழங்கை மடிப்பில் அவ்வப்போது சொறி வரும். பால் குடித்தால் சில நாள் வயிறு வலிக்கும். டாக்டர், "எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதாம்மா" என்றார். எல்லாக் குழந்தைக்கும் இல்லை, லாரிக்கு வராது என்று பெரியவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தம்பி அனுப்பும் படங்களைப் பெரிதாக்கி அவனுடைய முழங்கையைத்தான் முதலில் பார்ப்பாள். சுத்தமாக இருக்கும். அவளுக்குச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சீட்டு கட்டச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும், "மூட்டையைப் பாரு, சீட்டைப் பாரு, அப்புறம் கட்டு" என்று மூன்று தடவை சொல்வாள். மற்ற எதையும் அவள் இரண்டாம் தடவை சொன்னதில்லை.

மகளுக்கு ஆறு வயது முடிந்த வருடம், சின்னவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததாகத் தகவல் வந்தது. ஆபரேஷன் என்றார்கள். பெரியவளுக்குள் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு, அதை அடித்துத் துரத்த ஒரு சால்வை வாங்கி அனுப்பினாள்.

அது போய்ச் சேர்ந்து பத்து நாளில், ஒரு மத்தியானம், போர்வைகளைத் தேய்க்கும் பெரிய உருளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது போன் அதிர்ந்தது. சின்னவள். நீளமான செய்தி. பெரியவள் படித்துக்கொண்டே ஒரு போர்வையை உருளைக்குள் விட்டாள். வெளியே வந்த அதே போர்வையை எடுத்து மறுபடி உள்ளே விட்டாள். எதிரே நின்றவள், "அக்கா, அது தேய்ச்சதுக்கா" என்றாள். பெரியவள் காதில் விழவில்லை.

'அக்கா, சால்வை வந்துச்சு. ரொம்ப அழகா இருக்கு. நான் நல்லா இல்ல. இங்கேயும் ஒரு ஆஸ்பத்திரியில பொட்டலம் கொடுத்திருக்காங்க, உங்களுக்குக் கொடுத்த மாதிரியே, இருபத்தெட்டு. ஃபிரிட்ஜ் கதவுலதான் வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எண்ணிப் பார்க்கறேன். யாராவது எடுத்துடுவாங்களோன்னு. அப்போல்லாம் உங்க முகம்தான் தெரியுது. உங்க பெட்டியிலேருந்து ஏழு எடுத்தது நான்தான்க்கா. நீங்க மத்தியானம் தூங்கும்போது எடுத்து இவனுக்குக் கொடுத்துட்டேன். நல்ல கிருமின்னு அந்த நர்ஸ் முதல் வாரம் வீட்டுக்கு வந்தப்போ சொன்னதைக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். உங்க பொண்ணைப் பார்க்க மட்டும் ஆள் வருது, எழுதிக்கறாங்க, ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போறாங்க. என் பையன் எப்படி இருக்கான்னு ஒருத்தர்கூடக் கேக்கல, நல்லாத்தானே இருக்கான்னு விட்டுட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. நீங்க கேட்டப்போ ரெண்டு ரெண்டா கொடுத்திருப்பீங்கன்னு வேற சொல்லிட்டேன். வேன் ஏறும்போது சொல்ல வந்தேன், தைரியம் வரல. அப்புறம் அந்த லெட்டர் வந்துச்சு. சைக்கிள் வயித்துல எல்லாம் நல்லா குடியேறியிருக்குன்னு போட்டிருந்ததைப் படிச்சு அழுதுட்டேன். நான் எடுத்ததால ஒண்ணும் குறையலன்னு நிம்மதியாயிட்டேன். இருந்தாலும் அவ சாயங்காலமானா காலை மடக்கிட்டு அழுவாளே, அது இன்னும் காதுலயே இருக்கு. என்னைத் திட்டுங்க, பேசாம மட்டும் இருக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. சைக்கிள் இப்பவும் சாயங்காலம் ஆனா அழறாளா?'